7, 11, 13: மூன்று பூட்டுக்கும் ஒரே சாவி 1001

ஓர் எண் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடுமா என்று பார்ப்பது எல்லோருக்கும் கைவந்த வேலை. 7, 13 என்று வந்தால்தான் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்சத்திலிருந்து கழிக்கும் வழியைத்தான் நான் 7-க்கு வெகுநாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது இலக்க எண்ணில் அதைச் செய்து பாருங்கள், பாதியில் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

7 × 11 × 13 = 1001. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளையாட்டு. யாரிடமாவது ஒரு மூன்றிலக்க எண்ணைக் கேட்டு, அதையே பக்கத்தில் இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். 468 என்றால் 468468. அதை 7-ஆல் வகுத்தால் 66924, அதை 11-ஆல் வகுத்தால் 6084, அதை 13-ஆல் வகுத்தால் பழைய 468. இரண்டு முறை எழுதுவதே 1001-ஆல் பெருக்குவதுதான். என் அக்கா மகள் என்னை மடக்க நினைத்து 007 கொடுத்தாள். 007007, அதாவது 7007. 1001, 91, கடைசியில் 7. முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி, இப்போது சோதனை. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் காற்புள்ளியை நம்பாதீர்கள். லட்சம், கோடி என்று பிரித்திருந்தால் மூன்று மூன்றாக இருக்காது. நானே அதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பிறகு வலக்கோடித் துண்டிலிருந்து தொடங்கி, கழித்தும் கூட்டியும் மாறி மாறிப் போங்கள்.

987654321-ஐ எடுத்துக்கொள்வோம். 321 − 654 + 987 = 654. ஒன்பது இலக்கத்துக்குப் பதில் இந்த 654 போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 5, 13-ஆல் 4. பெரிய எண்ணுக்கும் அதே மீதிகள்தான். 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் ஆயிரம் ஒவ்வொன்றையும் −1 என்று வைத்துக்கொள்ளலாம். பத்து லட்சம் −1-இன் இருபடி, அது மறுபடி +1. குறி மாறி மாறி வருவது இதனால்தான்.

இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? வகுபடுமா என்ற கேள்விக்கு விடை மாறாது. ஆனால் துண்டுகள் இரண்டோ நான்கோ இருந்தால் குறி தலைகீழாகி, மீதி தப்பாகிவிடும்.

நடுவே ஒரு வேடிக்கை: 1001-இன் வகுத்திகளில் அதைத் தவிர்த்து மற்ற ஏழையும் கூட்டுங்கள். 1 + 7 + 11 + 13 + 77 + 91 + 143 = 343. அது 7 × 7 × 7! இதனால் ஒரு பயனும் இல்லை, எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

விடை எதிர்மறையாக வந்தால் பதற வேண்டாம். 62748517-ஐப் பிரித்தால் 517 − 748 + 62 = −169. மீதி வேண்டுமானால் நேர் எண் ஆகும்வரை 7-இன் மடங்கைக் கூட்டுங்கள்: −169 + 175 = 6. 11-க்கு −169 + 176 = 7. 13-க்கோ மீதியே இல்லை, 169 என்பது 13 × 13 அல்லவா. அப்புறம் பெரிய எண்ணையே 13-ஆல் வகுத்துக்கொண்டே போனேன். ஏழாவது முறை 1 வந்து நின்றது.