இடுப்பளவு கூந்தலுக்குக் குதிரைவால் போடுவது எப்படி?

கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிகிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அள்ளி முடிகிறவளின் தோள்பட்டை படும் பாட்டை யாரும் சொல்வதில்லை. தோளளவு முடி உள்ளவர்கள் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலைத் தாண்டிவிடுவார்கள். இடுப்பைத் தொடும் முடி உள்ளவர்கள் அதே கட்டை அதே விதமாகப் போட்டால், பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் உச்சியில் கட்டியது பிடரிக்கு இறங்கியிருக்கும். மதியத்துக்குள் நுனியில் சிக்கு விழுந்திருக்கும். மாலையில் தலை வலிக்கும். நீளமான முடியின் எடை முழுவதும் ஒரே கட்டில் தொங்குவதால் வரும் தொல்லைகள் இவை. எனவே எந்தக் குதிரைவாலைப் போடுவதானாலும், எடையை எங்கே இறக்குவது, எப்படிப் பங்கிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

குதிரைவாலின் வடிவத்துக்கே ஒரு சமன்பாடு உண்டு என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். பிரிட்டனில் பணியாற்றிய விஞ்ஞானிகளான ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், ராபின் பால், பேட்ரிக் வாரன் ஆகிய மூவரும் 2012-இல் அதை வெளியிட்டார்கள். முடியிழையின் விறைப்புக்கும் அதைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் நடக்கும் இழுபறியைக் குறிக்க, நீளக் கூந்தலுக்குப் பேர்போன கதை இளவரசியின் பெயரால் அவர்கள் அதில் ‘ரப்புன்ஸல் எண்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். குட்டை முடியில் விறைப்பின் கை ஓங்கியிருப்பதால் குதிரைவால் விசிறி போல விரிந்து நிற்கிறது. நீள முடியில் புவியீர்ப்பின் கை ஓங்கிவிடுவதால் அது கயிறு போலச் சேர்ந்து தொங்குகிறது. விளம்பரப் படங்களில் காணும் துள்ளலான குதிரைவால் நம் இடுப்பளவு முடிக்கு ஏன் வாய்ப்பதில்லை என்று மனம் நோக வேண்டியதில்லை.

வாருவதை நுனியிலிருந்து தொடங்க வேண்டும். நுனியில் ஒரு சாண் அளவுக்குச் சிக்கு எடுத்த பிறகு அதற்கு மேலே ஒரு சாண், பிறகு இன்னொரு சாண் என்று ஏறிச் செல்ல வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் இருக்கும் சிறு சிக்குகள் எல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகச் சேர்ந்துவிடும். இதற்குப் பல் அகன்ற சீப்பே ஏற்றது. ஈர முடியைக் கட்டவே கூடாது, ஏனெனில் நனைந்த முடியிழை எளிதில் நீண்டு எளிதில் அறுந்துவிடும். கட்டுக்குள் அகப்பட்ட ஈரமும் மாலைவரை உலராமல் வாடை வீசும். தலைக்குக் குளித்த அன்று முடி கையில் நிற்காமல் வழுக்கும் என்பதால், மறுநாள் போடும் குதிரைவாலே நன்றாக நிற்கும். எண்ணெய் தடவிப் படிய வாரும் பழக்கம் சடைக்குப் பொருந்தும், குதிரைவாலுக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கைகளில் தேய்த்து, கையில் ஒட்டியிருப்பதை முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவிக்கொண்டால் போதும்.

அடுத்தது பேண்ட். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு நாள், கறிவேப்பிலைக் கட்டில் இருந்த ரப்பர் பேண்டை உருவிப் போட்டுக்கொண்டு போனேன். இரவில் அதைக் கழற்ற முடியாமல் அம்மா கத்தரியால் நறுக்கி எடுத்தபோது, அதோடு நாற்பது ஐம்பது முடியும் சேர்ந்து வந்தது. வெறும் ரப்பர் முடியைக் கவ்விக்கொள்ளும்; துணி சுற்றிய எலாஸ்டிக் அப்படிச் செய்யாது. அதிலும் உலோக இணைப்பு இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும், அந்த இணைப்பில்தான் முடி மாட்டி அறுபடும். 1987-இல் ராமி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பெண் காப்புரிமை பெற்ற ஸ்க்ரஞ்சி, துணியைச் சுருக்கித் தைத்த பட்டையாக இருப்பதால் அழுத்தத்தை அகலமாகப் பரப்புகிறது. ஆனால் அடர்ந்த நீள முடியை அது தனியாகத் தாங்காது. உள்ளே ஒரு இறுக்கமான எலாஸ்டிக்கைப் போட்டு, அதன் மேல் ஸ்க்ரஞ்சியைப் போடுவதே சரி. டெலிபோன் வயர் போலச் சுருண்ட பிளாஸ்டிக் பேண்டுகளைப் பலர் புகழ்கிறார்கள். என் முடிக்கு அவை மதியத்துக்கு மேல் தளர்ந்துவிடுகின்றன.

நீள முடிக்கு இதுவரை நான் கண்டதில் மிக நல்ல கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வழக்கமான பேண்டைப் போடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பளவு வாலை முழுவதுமாக அந்த வளையத்துக்குள் இழுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று சுற்று என்றால் மூன்று முறை இழுக்க வேண்டும். முடி உரசுவதும் நுனி சிக்குவதும் அப்போதுதான். இதைத் தவிர்க்க, துணி சுற்றிய எலாஸ்டிக் வளையம் ஒன்றில் இரண்டு ஸ்லைடுகளைக் கோத்துக்கொள்ளுங்கள். முடியை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, முதல் ஸ்லைடை வாலின் அடியில் நன்றாகச் செருகுங்கள். பிறகு எலாஸ்டிக்கை இழுத்தபடி வாலின் அடியைச் சுற்றி மூன்று நான்கு முறை கொண்டுவந்து, இரண்டாம் ஸ்லைடை எதிர்ப்புறத்தில் செருகிவிடுங்கள். வால் தொங்கியபடியே இருக்கும், ஒரு முறைகூட எதற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. முதல் இரண்டு நாட்கள் கை தடுமாறும். மூன்றாம் நாளிலிருந்து கண்ணாடி தேவைப்படாது.

அன்றாடத்துக்கு நான் முதலில் சொல்வது பிடரிக் குதிரைவாலைத்தான், ஏனெனில் அதில் எடை கழுத்தை ஒட்டி இறங்குவதால் உச்சந்தலை இழுபடுவதில்லை. நடு வகிடோ கோண வகிடோ எடுத்து, காதின் மேற்பாதி மறையும்படி முடியைத் தளர்வாகப் பின்னுக்கு வாரிக் கட்டுங்கள். கட்டிய பிறகு வாலின் அடிப்பக்கத்திலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்து, பேண்ட் மறையும்வரை அதைச் சுற்றி, முனையைக் கீழ்ப்புறமாகக் கொண்டை ஊசியால் செருகிவிட்டால், கோடை காலத்துக் காட்டன் குர்தாவுக்கும் அலுவலகப் புடவைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். நீள முடியில் அந்தக் கற்றை ஏழெட்டுச் சுற்றுக்கு வரும் என்பதால், அதை லேசாக முறுக்கிக்கொண்டே சுற்றினால் பிரிந்து நிற்காது. ஒரு முழம் மல்லிகைச் சரத்தை வைப்பதானாலும் இந்தக் கட்டில்தான் அழகாக உட்காரும். உச்சிக் குதிரைவாலில் பூச்சுற்றினால் எனக்கு ஐயனார் கோவில் மண்குதிரைதான் நினைவுக்கு வருகிறது.

அதற்காக உச்சிக் குதிரைவாலே வேண்டாம் என்று சொல்லவில்லை; வெயிலில் கழுத்தில் முடி ஒட்டாமல் இருக்க அதைவிட வேறு வழியில்லை. ஆனால் அதை ஒரே கட்டாகப் போடாமல் இரண்டு கட்டாகப் போட வேண்டும். இரு காதுகளின் மேல்நுனிக்கு மேலே உள்ள முடியை மட்டும் முதலில் சேர்த்து ஒரு பேண்டால் கட்டுங்கள். பிறகு மீதி முடியை மேல்நோக்கி வாரிக் கொண்டுவந்து, முதல் கட்டோடு சேர்த்து இரண்டாம் பேண்டைப் போடுங்கள். உள்ளே இருக்கும் முதல் கட்டு நங்கூரம் போல நிற்பதால், வால் எளிதில் சரியாது. இரண்டாம் கட்டைப் போடும் நேரத்தில் முகவாயைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்வது முக்கியம். தலையைக் குனிந்தபடி கட்டிவிட்டு நிமிர்ந்தால், பிடரியில் முடி பை போலத் தொங்கிவிடும்; பலரும் அதைச் சரிசெய்ய மறுபடி அவிழ்த்துக் கட்டிக் களைத்துப்போகிறார்கள்.

முடி நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பவர்கள் இதையே சற்று மாற்றிச் செய்யலாம். மேல்பாதியை ஒரு வாலாகவும் கீழ்ப்பாதியை அதற்கு நேர் கீழே இன்னொரு வாலாகவும் தனித்தனியாகக் கட்டிவிட்டால், மேல்வால் கீழ்வாலின் கட்டை மறைத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே அடர்த்தியான குதிரைவாலாகத் தெரியும், எடையும் இரண்டு இடங்களில் பங்காகிவிடும்.

ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால், பிடரிக் கட்டை உள்ளே புரட்டிப் போடுவது ஒரு நல்ல மாறுதல். பேண்டைத் தளர்வாகப் போட்டு, சற்றுக் கீழே இறக்கி, பேண்டுக்கு மேலே உள்ள முடியை நடுவில் இரண்டாகப் பிளந்து, அந்தத் துளை வழியாக வாலை மேலிருந்து உள்ளே விட்டுக் கீழே எடுக்க வேண்டும். செய்முறைப் படங்களில் வால் ஒரு நொடியில் உள்ளே போய்விடும், இடுப்பளவு முடி அப்படிப் போகாது. வாலைச் சுருட்டி ஓர் உருண்டையாக்கி, துளையைக் கட்டை விரலால் அகட்டிப் பிடித்து, உருண்டையாகவே உள்ளே தள்ளிவிடுங்கள். கீழே வந்ததும் அது தானாக அவிழ்ந்துகொள்ளும்.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்குக் குமிழ்க் குதிரைவால் ஒரு வரம். பிடரியில் கட்டிய வாலில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு சிறு பேண்ட் வீதம் நுனிவரை போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பேண்டுகளுக்கு நடுவே உள்ள முடியை விரலால் இருபுறமும் லேசாக இழுத்து உப்பவிட்டால் குமிழ் குமிழாக நிற்கும். காற்றில் முடி பறந்து சிக்காது, ஹெல்மெட்டுக்குக் கீழே கட்டு இருப்பதால் அழுத்தவும் செய்யாது. வாலை முன்பக்கமாகத் தோளில் போட்டு, மேலே துப்பட்டாவைச் சுற்றி முடிந்துகொள்ளுங்கள். பின்னால் தொங்கவிட்டபடி யாரும் வண்டியில் உட்காரக் கூடாது. காலையில் ஓடுகிறவர்களுக்கும் இதே கட்டு பொருந்தும். ஓடும்போது தலை மேலும் கீழுமாக அசைந்தாலும் குதிரைவால் பக்கவாட்டில்தான் ஆடுகிறது. மேல்கீழ் அசைவில் நேராகத் தொங்கும் நிலை குலைந்து பக்கவாட்டு ஆட்டமாக மாறிவிடுவதே காரணம் என்று ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர் 2010-இல் விளக்கினார். அவருக்கும் மேலே சொன்ன மூவருக்கும் சேர்த்து 2012-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது.

முடியில் பாதியை மட்டும் கட்டி மீதியை விட்டுவிடும் அரைக் குதிரைவாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு விசேஷத்துக்கு அழகு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்ய உதவாது.

எந்தக் கட்டைப் போட்டாலும் அதன் இறுக்கத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கட்டியதும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள். முன்நெற்றியிலும் காதோரத்திலும் உள்ள முடியை இரு கை விரல்களாலும் சற்று முன்னுக்குத் தள்ளினால் அந்த இழுப்பு குறையும், தோற்றமும் இயல்பாகும். குதிரைவால் தலைவலி என்பது கற்பனையன்று. வெளியிலிருந்து இழுபடுவதால் வரும் தலைவலி என்று மருத்துவ வகைப்பாட்டிலேயே அது இடம்பெற்றிருக்கிறது, கட்டை அவிழ்த்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுவது அதன் அடையாளம். முன்நெற்றி ஏறுவது அவ்வளவு எளிதில் தீராது. முடியை எப்போதும் இறுக்கிக் கட்டியதால் நெற்றியோரம் முடி உதிர்ந்த கிரீன்லாந்துப் பெண்களைப் பற்றி 1907-லேயே பதிவு இருக்கிறது. தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் முடி திரும்ப வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் வேரே அழிந்துவிடும். வகிட்டோரம் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ, நெற்றியோரம் முடி அறுந்து குட்டையாக நின்றாலோ, சில வாரங்களுக்குக் குதிரைவாலை விட்டுத் தளர்ந்த சடைக்கு மாறிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லாதவர்களும் கட்டும் உயரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பேண்டைப் பிடித்து உருவக் கூடாது. சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுங்கள். குமிழ்களுக்குப் போட்ட சிறு பேண்டுகளைக் கூர்முனைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், அவற்றை மிச்சம்பிடிப்பதில் லாபமில்லை. அவிழ்த்த பிறகு கொஞ்சம் முடி கொத்தாக உதிர்ந்தால் பதற வேண்டாம், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு, பகலெல்லாம் கட்டுக்குள் அகப்பட்டிருந்தவையும் சேர்ந்து அப்போதுதான் விழுகின்றன. கட்டு இருந்த இடத்தை விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, தளர்வாக ஒற்றைச் சடை போட்டுக்கொண்டு படுங்கள். காலையில் அந்தச் சடையை அவிழ்க்கும்போது முடியில் மெல்லிய அலை விழுந்திருக்கும். அன்றைக்குப் போடும் குதிரைவால் முந்தின நாளைவிடத் தடிமனாகத் தெரியும்.