பாயின்ட் ஷூ கட்டும் முன் இடுப்பைப் பாருங்கள்

பாலே நடனத்தில் டர்ன்அவுட் (கால்களை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கமாகத் திருப்புவது) என்றதும் எல்லோரும் குனிந்து பாதத்தைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஃபிஃப்த் பொசிஷனில் (ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தைக் குறுக்கே ஒட்டி வைத்து நிற்பது) ஆழமாக ஒரு ப்ளியே எடுத்து, அதாவது முட்டியை மடக்கி இறங்கி, பாதத்தைத் தரையில் அழுத்தி வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அப்படியே முட்டியை நீட்டுவேன். கண்ணாடியில் அம்சமாகத் தெரியும். மூன்றே மாதம், முட்டியின் உள்பக்கம் வலி பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்க வேண்டியதாகிவிட்டது.

முட்டி மடங்கியிருக்கும்போது கொஞ்சம் சுழலும், நீட்டினால் பூட்டிக்கொள்ளும். மடக்கிய நிலையில் திருடி வாங்கிய டர்ன்அவுட்டை நீட்டும்போது முட்டிதான் முறுக்கிக்கொண்டு தாங்குகிறது. கூடவே பாதத்தின் உள்வளைவு தரையோடு சரிந்துபோகும். இந்தச் சரிவோடு பாயின்டில், அதாவது முனை கெட்டியான பாயின்ட் ஷூ போட்டு விரல் நுனியில், ஏறினால் எடை முழுக்கக் கட்டைவிரலின் உள்பக்கத்து எலும்பில் இறங்கும்.

அதனால் முதலில் உங்கள் இடுப்பு எவ்வளவு தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குப்புறப் படுத்து ஒரு முட்டியை மட்டும் 90 டிகிரிக்கு மடக்கி, பாதத்தை மற்றக் காலின் பக்கமாகச் சாய விடுங்கள். இடுப்பு தரையை விட்டு எழும்பாமல் எவ்வளவு சாய்கிறதோ, அதுதான் அந்தக் காலுக்கு மூட்டு அனுமதிக்கிற அளவு. பிறகு எழுந்து பாதங்களை நேராக வைத்து நில்லுங்கள். எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோய், விரல்களை லேசாகத் தூக்கி, தொடையிலிருந்து கால்களைத் திருப்பி இறக்குங்கள். இப்போது நிற்கிற கோணம் உங்கள் தசை தருகிற அளவு. பெரும்பாலும் இது முதல் அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பயிற்சியில் கூட்டக்கூடியது அந்த இடைவெளியைத்தான். தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது என்பதை, அதுவும் வளர்ந்த பிறகு, யாராலும் மாற்ற முடியாது. இரண்டு பாதமும் ஒரே நேர்கோடாக 180 டிகிரி வரவில்லை என்று தவளை மாதிரிப் படுத்து முதுகில் ஆளை உட்கார வைத்து அழுத்துகிறார்களே, தயவுசெய்து அது வேண்டாம்.

பரதநாட்டியத்திலிருந்து பாலேவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைமண்டியில் கால் அழகாக விரிகிறதே, முட்டியை நீட்டி ஃபர்ஸ்ட் பொசிஷனில் (குதிகால்கள் ஒட்டி, விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க) நின்றால் ஏன் சுருங்கிவிடுகிறது என்று குழம்புவீர்கள். இடுப்பு மடங்கும்போது மூட்டின் முன்பக்கத்துத் தசைநார் தளர்ந்து கொடுக்கும், நிமிர்ந்து நின்றால் இறுகிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

தசையைக் கூட்ட எனக்கு உதவியது ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் பயிற்சி. முட்டி இரண்டையும் மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடி மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பதுபோல் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். பக்கத்துக்கு 15 முறை போதும். பிட்டத்தின் அடியில் ஆழத்தில் ஆறு சின்னத் தசைகள் இருக்கின்றன, வேலை அங்கே நடக்க வேண்டும். பிட்டம் மொத்தமும் கல்லாக இறுகினால் பெரிய தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் பாரில் (பிடித்துக்கொள்ளும் கம்பி) நின்று பக்கவாட்டில் மெதுவான டான்ட்யு, அதாவது பாதத்தைத் தரையோடு தேய்த்து நீட்டுவது. கவனம் நகரும் காலில் வேண்டாம், நிற்கும் காலில் வையுங்கள், டர்ன்அவுட் நழுவுவது அந்தக் காலில்தான்.

இனி பாதம். பாயின்டில் நிற்கும்போது முன்னாலிருந்து பார்த்தால் முட்டி, கணுக்காலின் நடு, இரண்டாம் விரல் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். எடை ஷூ முனையின் நடுவில், கட்டைவிரலையும் அடுத்த விரலையும் ஒட்டி இறங்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து பாதம் அரிவாள் மாதிரி உள்ளே வளைந்தால் அதுதான் சிக்கிள். பார்க்க அசிங்கம் என்பது இருக்கட்டும், கணுக்காலின் வெளிப்பக்கம் சுளுக்கிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதற்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். வெறுங்காலில் பாதங்களை நேராக வைத்து, கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே இரண்டு குதிகால்களுக்கும் நடுவில் பந்தைப் பிடித்தபடி ரெலவே (குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்புவது) ஏறி இறங்குங்கள். கணுக்கால் வெளியே சாய்ந்த நொடியில் பந்து விழுந்து உருண்டோடும். முதல் நாள் நான் ஆறு தடவை சோஃபாவுக்கு அடியில் கைவிட்டு எடுத்தேன். அது பழகியதும், பாதத்தை நீட்டியபடியே தெராபேண்டை (இழுபடும் ரப்பர் பட்டை) எதிர்த்து வெளிப்பக்கம் தள்ளுங்கள், 15 முறை. கணுக்காலின் வெளிப்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்கு அதுதான் சாப்பாடு. விரல்களைச் சுருட்டாமல் பாதத்தின் முன்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து உள்வளைவைக் கூட்டுவதையும் பழகுங்கள். ஷூவுக்குள் விரல் சுருண்டால் கணு கணுவாகக் கொப்புளம்தான்.

ஒற்றைக் காலில், முட்டி மடங்காமல், கணுக்கால் ஆடாமல் 20 ரெலவே வரவில்லை என்றால் பாயின்ட் ஷூவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன், வயது 12 ஆனாலும் சரி, 30 ஆனாலும் சரி. ஷூவின் முன்பெட்டி (விரல்கள் உட்காரும் கெட்டிப் பகுதி) உங்கள் பாதத்துக்கு அதிக அகலமாக இருந்தாலும் இந்த உழைப்பெல்லாம் வீண், பாதம் உள்ளே அமிழ்ந்து கட்டைவிரல் பக்கமாகச் சரியும்.

ஏற்கெனவே பாயின்டில் ஆடுகிறீர்களா? பழைய ஷூவைக் கவிழ்த்து முனையைப் பாருங்கள். சாட்டின் துணி கட்டைவிரல் ஓரம் கிழிந்திருந்தால் உள்ளே சாய்கிறீர்கள், சுண்டுவிரல் ஓரம் கிழிந்திருந்தால் சிக்கிள். பெரும்பாலான பாயின்ட் ஷூக்களில் வலது இடது கிடையாது, அதனால் வாங்கிய அன்றே உள்ளே பேனாவால் ‘வ’, ‘இ’ என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் எந்தக் கால் தப்பு செய்கிறது என்றே தெரியாது. அந்த ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்தது தேய்ந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.