உள்ளூர் மாத இதழுக்கு மேனேஜர் தேடுகிறீர்களா? கவிதை எழுதாதவராகப் பாருங்கள்

மாவட்ட அளவில் மாத இதழ் நடத்துகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்த நிலைக்கு வந்து சேருவார்கள். இதழ் நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்கிறது, ஆனால் விளம்பரப் பணம் மாதக்கணக்கில் வெளியில் நிற்கிறது, ஏஜெண்டுகள் கணக்கு முடிக்கவில்லை, பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவேன் என்கிறார் பிரஸ்காரர், இவ்வளவையும் ஆசிரியரே போனில் பேசித் தீர்ப்பதால் தலையங்கம் கடைசி நாள் ராத்திரிதான் எழுதப்படுகிறது. அப்போதுதான் ஒரு மேனேஜர் போட்டால் என்ன என்று தோன்றும். போடுங்கள். ஆனால் யாரைப் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'இலக்கிய ஆர்வம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று மட்டும் விளம்பரத்தில் போட்டுவிடாதீர்கள். வருகிறவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், உங்கள் பழைய இதழ்களை எல்லாம் படித்திருப்பார், மூன்று மாதம் கழித்து வசூல் பட்டியலுக்குப் பதிலாகத் தன் கவிதையோடு ஆசிரியர் மேஜைக்கு வந்து நிற்பார். உங்களுக்கு வேண்டியது தேதியும் பணமும் கண்ணில் படுகிற ஆள். அப்படிப்பட்டவர்கள் நாளிதழ்களின் சர்குலேஷன் (பிரதி விநியோக) பிரிவில் இருப்பார்கள், பிரஸ்ஸில் பில் போடும் இடத்தில் இருப்பார்கள், மருந்து அல்லது மளிகை மொத்த விநியோகத்தில் லைன் பார்த்தவர்களிடமும் இருப்பார்கள். பத்திரிகை அனுபவமே இல்லாத, ஆனால் கடை கடையாகப் போய் பாக்கி வசூலித்தவர், இதழியல் பட்டம் வாங்கியவரைவிட இந்த வேலைக்குப் பொருத்தம். இது என் கட்சி, மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நேர்காணலுக்கு முன்னால் வேலை என்ன என்பதை ஒரே தாளில் எழுதுங்கள், அதுவும் தேதிவாரியாக. மேட்டர் மூடுவது எந்தத் தேதி, ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) பிரஸ்ஸுக்குப் போவது எப்போது, தபாலில் சேர்ப்பது எப்போது, பஸ் பார்சல் கட்டுவது எப்போது, விளம்பர பில் போவது எப்போது என்று. இந்தத் தாளை எழுத முடியாவிட்டால் நீங்கள் இன்னும் ஆள் எடுக்கத் தயாராகவில்லை.

நேர்காணலில் 'உங்கள் பலம், பலவீனம்' எல்லாம் கேட்டுப் பயனில்லை. ஒரு கணக்கு நோட்டை எடுத்து முன்னால் வையுங்கள். உண்மையான நோட்டு வேண்டாம், இதற்கென்று ஒரு பக்கம் தயார் செய்துகொள்ளலாம். உதாரணமாக, பொள்ளாச்சி ஏஜெண்ட். இதழ் விலை 30 ரூபாய், கமிஷன் 30 சதவீதம். ஜனவரியில் 100 பிரதி அனுப்பி 12 ரிட்டர்ன், அதாவது விற்காமல் திரும்பியவை. பிப்ரவரியில் 150 அனுப்பி 58 ரிட்டர்ன். மார்ச்சிலும் 150 அனுப்பி 62 ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கும் சேர்த்து அவர் கட்டியது 2,000 ரூபாய்.

பாக்கி எவ்வளவு என்பது யாரும் போடும் கணக்கு: ஒரு பிரதிக்கு 21 ரூபாய் வீதம் விற்ற 268 பிரதிக்கு 5,628, கட்டியது போக 3,628. இதோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவர் கணக்கர். 'பார்சலை 50 பிரதி கூட்டியும் விற்பனை 88, 92, 88 என்று அப்படியேதான் நிற்கிறது, யார் கூட்டச் சொன்னது?' என்று கேட்கிறவர்தான் மேனேஜர். இன்னும் ஒரு படி மேலே போய், ரிட்டர்ன் முழுப் பிரதியாக வந்ததா, ரேப்பரை (மேலட்டையை) மட்டும் கிழித்து அனுப்பினாரா, இல்லை போனில் சொன்ன எண்ணிக்கையா என்று கேட்டால், அவரிடம் அன்றைக்கே சம்பளம் பேசத் தொடங்கிவிடலாம்.

அடுத்து ஒரு சூழ்நிலைக் கேள்வி. 64 பக்க இதழ், எல்லாப் பக்கமும் நிறைந்துவிட்டது, நாளைக் காலை பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து முழுப்பக்க விளம்பரம் வருகிறது, ஆசிரியர் கட்டுரையை எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வீர்கள்?

'ஒரு பக்கம் கூட்டிவிடலாம் சார்' என்று சொன்னால் அவர் பிரஸ் பக்கம் போனதில்லை என்று புரிந்துகொள்ளலாம். தாளை நடுவில் மடித்து சென்டர் பின் அடிக்கிற இதழில் நான்கு பக்கம் நான்காகத்தான் கூட்ட முடியும், ஃபாரம் கணக்கில் பார்த்தால் எட்டாகத்தான் கட்டுபடியாகும். அப்புறம் எடை இருக்கிறது. கிரௌன் கால் என்ற இதழ் அளவில் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாளில் 64 பக்கம், அதோடு 130 ஜிஎஸ்எம் ரேப்பர் சேர்த்தால் ஏறக்குறைய 100 கிராமைத் தொட்டுவிடும். நான்கு பக்கம் கூட்டினாலே அதைத் தாண்டி, பதிவு பெற்ற இதழுக்கான தபால் கட்டணம் அடுத்த படிக்குப் போய்விடும். பிரதிக்குப் பெரிய தொகை இல்லைதான், ஆனால் அது நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். ஆசிரியரோடு மல்லுக்கு நிற்பதற்கு முன்னால் 'ரிலீஸ் ஆர்டர் (விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் எழுத்து உத்தரவு) கையில் வந்துவிட்டதா, பழைய பாக்கி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கிறவர் கிடைத்தால் உங்களுக்கு நல்ல நேரம்.

சட்ட விஷயங்களில் மனப்பாடம் எதிர்பார்க்க வேண்டாம், அடிப்படை தெரிந்தால் போதும். பத்திரிகை, புத்தகப் பதிவுக்கான 1867-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023-இல் கொண்டுவந்த பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, இதழ்களைப் பதிவு செய்யும் மத்திய அரசு அலுவலகமான ஆர்என்ஐ இப்போது பிஆர்ஜிஐ ஆகிவிட்டது, பதிவு வேலைகள் ஆன்லைனுக்குப் போய்விட்டன, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், தபால் பதிவைக் காலாவதி ஆகாமல் புதுப்பிக்க வேண்டும், அச்சு விளம்பரத்துக்கு ஜிஎஸ்டி உண்டு, ஏஜென்சி வழியாக வந்தால் 15 சதவீதக் கழிவு வழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் குறித்துக்கொள்கிறாரா என்பது எனக்கு முக்கியம்.

விசாரிக்க வேண்டிய இடம் பழைய முதலாளி அல்ல, அவர் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். வேலை கேட்டு வந்தவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்குச் சரக்கு கொடுத்தவர்களையும், அங்கிருந்து சரக்கு வாங்கியவர்களையும் கேளுங்கள். பத்திரிகையில் இருந்தவர் என்றால் பிரஸ்ஸின் மெஷின் மேனிடமும் இரண்டு ஏஜெண்டுகளிடமும் பேசுங்கள். 'ஃபாரம் ஓடும்போது நேரில் வந்து நிற்பாரா, கணக்கு முடித்துத் தருவாரா, கோபம் வந்தால் எப்படிப் பேசுவார்' என்று மூன்றே கேள்வி.

சம்பளத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், 'பார்த்துச் செய்கிறோம்' என்ற பேச்சு வேண்டாம். பிடித்த விளம்பரத்துக்குக் கமிஷன் என்று இவருக்கு வைக்காதீர்கள். வைத்தால் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளி மலருக்கும் கடை கடையாக அலைவார், தபால் தேதி போய்விடும், பிடித்த விளம்பரத்தில் பாதிக்குப் பணமும் வராது. ஊக்கத்தொகை தருவதானால் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகைக்கு மட்டும் தாருங்கள்.

நிரந்தரம் செய்வதற்கு முன் சம்பளத்தோடு இரண்டு இதழ் பார்க்கட்டும். ஒன்று போதாது, ஏனென்றால் முதல் இதழின் ரிட்டர்னும் வசூலும் இரண்டாவது இதழ் வெளிவரும் சமயத்தில்தான் தெரியும். இந்தக் காலத்தில் ஆசிரியர் ஏஜெண்டுகளின் போனை எடுக்கக் கூடாது, அது ஆசிரியருக்குத்தான் கஷ்டம். வேலை உத்தரவில் மறக்காமல் இரண்டு வரி சேருங்கள்: சந்தாதாரர் பட்டியல் அலுவலகக் கணினியில்தான் இருக்கும், ஏஜெண்டுகளோடும் விளம்பரதாரர்களோடும் பேசுவது அலுவலக சிம்மில் மட்டும். அந்த சிம் பத்திரிகையின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.