வன்னியில் மூன்று நாள் நடை: பை பாரத்தைக் குறைப்பது எப்படி

தண்ணீரைச் சேர்க்காமல் பை 6 கிலோவைத் தாண்டக் கூடாது. கட்டிய பையைத் தராசில் கொழுவிப் பாருங்கள். வீட்டு விறாந்தையில் தோள் சொல்வது பொய்.

ஜீன்ஸ் வேண்டாம். வியர்வையில் ஊறினால் பாரம், தொடையும் உரசிப் புண்ணாகும். போட்டிருப்பதோடு மாற்றுடுப்பு ஒன்று போதும். ஒரு சாரம் குளிக்க, போர்க்க, தலை துவட்ட உதவும். துவாயும் போர்வையும் வீட்டிலேயே கிடக்கட்டும். நுளம்பு வலையை மட்டும் விடாதீர்கள்.

பெரிய பாரம் தண்ணீர்தான்: லீற்றருக்கு ஒரு கிலோ. ஏ9 வீதியோரம் ஒன்றரை லீற்றர் காணும். மாங்குளத்தால் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால், கோடையில் 3 லீற்றர். போத்தல்களை முதுகோடு ஒட்டி, பையின் நடுவில் வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும், தோள் நோகும்.

சாப்பாட்டுக்குப் புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) பனங்கட்டியும். அடுப்பு, சட்டி எதற்கு?

மாரியில் பையின் மேலுறை மட்டும் போதாது, தோள்பட்டிப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். உள்ளே தடித்த பொலித்தீன் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

பை இலேசென்று காட்டுக்குள் குறுக்குப் பாதை பிடிக்காதீர்கள். கண்ணிவெடிப் பலகை கண்டால் ஒதுங்கக்கூடப் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.