தத்து எடுக்கப் போறீங்களா? குழந்தைங்க ஹோம்ல இருந்து கிளம்பும் முன்னாடி இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கோங்க

முதல்ல ஒண்ணு. "தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, ஆஸ்பத்திரியிலேயே குழந்தைய வாங்கிடலாம், பத்திரம் எழுதிக்கலாம்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. 2019ல ராசிபுரத்துல குழந்தைங்கள வித்து ஒரு நர்ஸ் மாட்டின கேஸ் ஞாபகம் இருக்கும்ல? வித்தவங்களுக்கு மட்டுமில்ல, வாங்கினவங்களுக்கும் 5 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு.

தத்தெடுப்பைப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு காரா (CARA), அதோட வெப்சைட்ல பதிவு பண்ணுங்க. தம்பதின்னா கல்யாணமாகி 2 வருஷம் ஆகியிருக்கணும், 2 வயசுக்குள்ள குழந்தை வேணும்னா ரெண்டு பேர் வயசையும் கூட்டி 85க்கு மேல போகக்கூடாது. தனியா இருக்கற ஆம்பளைக்குப் பெண் குழந்தை தரமாட்டாங்க. பதிவு பண்ணின 30 நாளைக்குள்ள டாக்குமெண்ட் எல்லாம் ஏத்திடணும்.

அடுத்து ஹோம் ஸ்டடி, அதாவது சமூகப் பணியாளர் ஒருத்தர் நம்ம வீட்டுக்கே வந்து பாத்துப் பேசறது. நாங்க என்னமோ பொண்ணு பாக்க வர்ற மாதிரி சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு வெச்சோம், வந்த மேடம் சுவர் பக்கம் திரும்பக்கூட இல்ல, நேரா என் மாமியார்கிட்ட போய் உக்காந்து "உங்களுக்கு இதுல சம்மதமாம்மா"ன்னு கேட்டாங்க. அத்தை பட்டுனு "நம்ம ரத்தம் இல்லையேன்னு இருக்கு"ன்னுட்டாங்க. போச்சுடான்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினாங்க பாருங்க, அதுதான் எங்க வீட்டுக்கே தேவைப்பட்ட பேச்சு, அதனால எதையும் மறைக்காதீங்க.

வெயிட்டிங் லிஸ்ட் நீளம்தான். இருக்கற நேரத்துல நம்பிக்கையான ஒரு குழந்தை டாக்டரைப் பாத்து வெச்சுக்கோங்க, ஏன்னா குழந்தை விவரம் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள இந்தக் குழந்தை எங்களுக்குத்தான்னு ரிசர்வ் பண்ணணும், மெடிக்கல் ரிப்போர்ட்ட படிச்சுச் சொல்ல அப்ப ஆள் தேடிட்டிருக்க முடியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எங்க பாப்பா வரும்போது 14 மாசம். தனி ரூம், புது தொட்டில், லைட்ட அணைச்சு அமைதியா தூங்க வெச்சா மூணு ராத்திரி தொண்டை கட்டுற அளவுக்கு அழுகை. நாலாவது நாள் ஹோம் ஆயாவுக்கு போன் போட்டேன், "அய்யோ லைட்ட அணைக்காதீங்கம்மா, இங்க ஹால்ல ட்யூப்லைட் விடிய விடிய எரியும், ஃபேன் கடகடன்னு சத்தம் போடும், பக்கத்துல பத்து புள்ளைங்க இருக்கும்"னாங்க. அன்னைக்கு லைட்ட போட்டு, பழைய டேபிள் ஃபேன எடுத்து ஓடவிட்டு, பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்தோம். தூங்கிட்டா.

இத எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல. ஃபைல்ல எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் பக்காவா இருந்துச்சு, அவ எப்படித் தூங்குவான்னு ஒரு வரி இல்ல. அதனால ஆஃபீஸ் ரூம்ல கையெழுத்துப் போட்டதோட கிளம்பிடாம ஆயாகிட்ட உக்காந்து பேசுங்க: என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, பால் எந்தச் சூட்டுல குடிக்கும், முதுகுல தட்டணுமா தொடையில தட்டணுமா, யாரோட ரொம்ப ஒட்டுதல். அவ படுத்திருந்த துணி ஒண்ணு துவைக்காம கேட்டு வாங்குங்க, ஆயாவோட சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. ஹோம் நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு குழந்தைக்கு ஒரு 40 பக்க நோட்டு போடுங்க சார், ஆயாவே எழுதட்டும், எழுதத் தெரியலன்னா சொல்லட்டும். பெருசா செலவில்லாத வேலை இது.

தத்து ஆர்டர் 2022 செப்டம்பர்ல இருந்து கோர்ட்ல இல்ல, கலெக்டர்தான் தர்றார். அப்புறம் 2 வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபாலோ-அப் வருவாங்க. டீ குடுத்து அனுப்பிடாம, குழந்தை சாப்பிடல, யார்கிட்டயும் போகமாட்டேங்குதுன்னு இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க, உதவி கிடைக்கற இடமே அதுதான்.

குழந்தைகிட்ட எப்ப சொல்றதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. புரியாத வயசுலயே ஆரம்பிச்சுடுங்க. நாங்க அந்த ஆயா போட்டோவ ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கோம், இப்ப அவளே வர்றவங்களக் கூட்டிட்டுப் போய் "இது என் முதல் வீட்டு ஆயா"ன்னு காட்டறா, பக்கத்துல நின்னு பேர் சொல்லிக் குடுக்கறது யாருன்னா, எங்க அத்தைதான்.