வில்லுப்பாட்டு வில்லு கட்டுறது எப்படி

நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவங்க நெறைய பேர் இருக்கோம், ஆனா அந்த வில்ல கட்டத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான், அதான் எனக்குக் கைப்பழக்கமானத அப்படியே எழுதுறேன்.

மொதல்ல மரம். மூங்கில்லயும் கட்டலாம், வெயிட்டு கம்மி, ஆனா என் மனசு பனைலதான். பனைக்கு வைரம், அதாவது கெட்டியான பாகம், வெளிப்பக்கம், உள்ள மெத்துன்னு வெறும் சோறு, அதனால நல்லா முத்துன மரத்தோட வெளிப்பக்கத்துல இருந்து சுமார் 10 அடி நீளத்துக்கு ஒரே துண்டா பிளந்து எடுங்க. நடுவுல தடியாவும் முனைக்குப் போகப் போக மெலிசாவும் சீவணும். சீவும்போது கையில துணி சுத்திக்கோங்க, பனஞ்சிலாம்பு (மரச்சிராய்) ஏறுச்சுன்னா லேசுல வராது. ரெண்டு முனையையும் செங்கல்லு மேல வச்சு நடுவுல அமுக்கிப் பாருங்க, எந்தப் பக்கம் வளையாம முரண்டு பிடிக்குதோ அங்க மட்டும் இன்னும் கொஞ்சம் சீவுங்க. அவசரமே வேணாம், சீவுனத திரும்ப ஒட்ட முடியாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைஞ்சதும் முனைல வெண்கலக் குப்பி (மூடி) மாட்டிடுங்க.

அடுத்தது நாண், வில்லோட உயிரே இதுதான். மாட்டுத்தோல ஊறவச்சு முடி போகச் சுரண்டிட்டு, ஓரத்துல ஆரம்பிச்சு உள்நோக்கி வட்டமா அறுத்துக்கிட்டே வந்தா ஒட்டுப்போடாம நீளமான வார் கிடைக்கும். ஈரமா இருக்கும்போதே முறுக்கி ரெண்டு மரத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டி நிழல்ல காயவிடுங்க. வெயில்ல போட்டா வெடிச்சிரும், ஈரத்தோட வில்லுல ஏத்துனா காயும்போது தோல் சுருங்கி வில்லையே ஒடிச்சிரும், அதனால முழுசா காய்ஞ்சப்புறம் ரெண்டு பேர் சேர்ந்து வளைச்சு ஏத்துங்க, தனியா செய்யவே கூடாது.

அப்புறம் வில்லுல வெண்கல மணிய வரிசையா கட்டிக்கலாம், நாண் அதிரும்போது அதுவும் சேர்ந்து குலுங்கும்.

அடுத்தது வில்லுக்கு அடியில வைக்கிற மண்குடம், வாங்கப் போனா தட்டிப் பாத்து வாங்குங்க, கீறல் இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும். வைக்கோல்புரி மேல குடத்த வச்சு அதோட கழுத்துல வில்லோட நடுப்பாகத்த கயித்தால இறுக்கிக் கட்டுங்க, ஆடுச்சுன்னா நாணோட அதிர்வு குடத்துக்குள்ள போகாது, சத்தம் மொட்டையா நிக்கும். இப்ப வீசுகோலால, அதாவது நாண அடிக்கிற கோலால, நாண்ல ஒரு அடி அடிச்சுப் பாருங்க, குடமும் சேர்ந்து உறுமுனா கட்டு சரி.

பாட்டு முடிஞ்சதும் நாண ஒரு பக்கம் கழட்டி விட்டுருங்க, மழைக்காலத்துல தோல் தொய்யும், அப்ப அடுப்படிப் பக்கம் தொங்கவிட்டா போதும்.