ஸ்பான்சரில் கனடா வந்த முகாம் குடும்பங்களுக்கு: முதல் வருடத்துச் சட்டம்

பவானிசாகர், அரச்சலூர், பூலுவபட்டி, ராயனூர் என்று கொங்குப் பக்கத்து இலங்கைத் தமிழ் அகதி முகாம்களிலிருந்து ஸ்பான்சர் மூலம், அதாவது உங்களுக்குப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் குழுவின் மூலம், கனடா வந்து இறங்கியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குளிருக்கு என்ன கோட்டு வாங்குவது, பஸ் கார்டு எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் உங்கள் ஸ்பான்சர் குழுவே சொல்லித் தந்துவிடும். அவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது சட்டத்தைத்தான். சிலருக்கு முழுசாகத் தெரியாது. சிலர், வந்ததும் வராததுமாக எதற்குப் பயமுறுத்துவது என்று தள்ளிப்போடுவார்கள். ஆனால் முதல் வருடத்திலேயே செய்ய வேண்டிய, தள்ளிப்போடவே கூடாத காரியமும் இருக்கிறது.

ஊரில் நம் நிலைமை என்னவாக இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று அங்கே தனிச் சட்டமும் கிடையாது. காகிதத்தில் நாம் வெளிநாட்டினர், அவ்வளவுதான். 1946-ம் வருடத்து வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் இருந்தோம். 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் வந்திருக்கிறது. பணக்கொடை, ரேஷன் அரிசி, 2021-ல் அறிவித்த புது வீடுகள், ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறிய பெயர் எல்லாம் அரசாணையில் வந்தவை. குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடையை 1,500 ரூபாய் என்று உயர்த்தியதும் அப்படித்தான். நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எதையும் உரிமை என்று கேட்டு நிற்க முடியாது. அதனாலேயே ஆர்.ஐ. என்ற வருவாய் ஆய்வாளர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது, நம்மைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான கியூ பிராஞ்சில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் அன்றைக்குத் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பது எல்லாம் நமக்கு ஊறிப்போய்விட்டது. அந்தப் பணிவை விமானம் ஏறும்போது கூடவே கொண்டு வந்துவிடுகிறோம்.

கனடாவில் உங்களை வரவழைத்தது 2001-ம் வருடத்துக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம். விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து நீங்கள் நிரந்தர வாசி, அதாவது பி.ஆர். படகில் வந்து இறங்கியவர்களின் கதை வேறு. 2010-ல் சன் சீ கப்பலில் வந்த 492 பேர் இங்கே வந்த பிறகுதான் அகதிக் கோரிக்கை வைத்து வழக்கு நடத்தினார்கள். உங்கள் கோரிக்கையை இந்தியாவில் இருக்கும்போதே பரிசீலித்து முடித்துவிட்டார்கள். யாராவது “உன் கேஸ் எப்ப ஹியரிங்?” என்று கேட்டால் குழம்ப வேண்டாம், உங்களுக்கு ஹியரிங், அதாவது அகதிக் கோரிக்கை விசாரணை, கிடையாது.

ஸ்பான்சர் செய்வது தர்மம் இல்லை

தனியார் ஸ்பான்சர் திட்டம் 1979 முதல் நடக்கிறது. குழுவில் இருப்பவர்கள் உங்களுக்குக் கொடுப்பது அன்பளிப்பு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அரசுக்கு எழுத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து 12 மாதம், அல்லது நீங்கள் சொந்தக் காலில் நிற்கும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வீடு, சாப்பாடு, துணிமணி, பள்ளியில் சேர்ப்பது, டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்கென்று ஒரு குடியமர்த்தல் திட்டத்தையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

“அவங்களே பாவம், கைக்காசு போட்டுச் செய்யறாங்க. நாம எப்படிங்க போய்க் கேக்கறது?” என்று ஓர் அக்கா என்னிடம் சொன்னார். பல்வலியோடு இருந்தார். இடைக்காலக் கூட்டாட்சி நலத் திட்டம் என்ற மருத்துவ ஏற்பாடு அவர் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. ஸ்பான்சர் காலத்தில் மருந்து, அவசரப் பல் வைத்தியம் போன்றவற்றுக்கும் அது உதவும். வாய் திறக்காததால் அவர் தேவையில்லாமல் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்து மரியாதையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. “ஏனுங்க, இது எங்களுக்கு வருமுங்களா?” என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்பான்சர் கேட்கக்கூடாது. உங்களைக் கூப்பிட்டதற்காக முன்கூட்டியோ பிறகோ காசு வாங்குவதற்கும் தடை இருக்கிறது. ஊர்க்காரர், சொந்தக்காரர் என்ற உறவில் இது நடக்கும்போது வெளியே தெரிவதில்லை. “வேலைக்குப் போனதும் மாசாமாசம் கொடுத்துடு தம்பி” என்று பேச்சுவாக்கில் வரும். அது கடன் இல்லை, கொடுக்க வேண்டியதில்லை. அரசிடம் வாங்கிய விமானக் கட்டணக் கடன் மட்டும் நிஜமான கடன். 2018 முதல் அதற்கு வட்டி இல்லை, வந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்.

ஸ்பான்சரோடு மனஸ்தாபம் வந்து உறவு முறிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் பல வீடுகளில் இருக்கிறது. பி.ஆர். தகுதி ஸ்பான்சர் கையில் இல்லை. குழு கை விரித்தாலும் அது போகாது. அப்படி ஏதாவது நடந்தால் குடிவரவுத் துறைக்கு நீங்களே தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும்.

ஊர் மாறுவதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஏதோ சின்ன ஊரில் இறக்கிவிட்டார்கள், தமிழ்க் குரலே காதில் விழவில்லை, டொராண்டோ பக்கம் போய்விடலாம் என்று மனது இழுக்கும். எங்கே வேண்டுமானாலும் குடியிருக்க அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் அவர்களுக்கு எட்டாத ஊருக்கு நீங்களாகப் போய்விட்டால், ஸ்பான்சர் தன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படலாம். மாத உதவி நின்றுபோன பிறகு, முதல் 12 மாதத்துக்குள் மாகாண அரசின் சமூக உதவியைக் கேட்டால் கேள்வி மேல் கேள்வி வரும். போவதற்கு முன்னால் பேசிவிட்டுப் போங்கள்.

பி.ஆர். அட்டை தபாலில் வரும். வந்து 180 நாளுக்குள் உங்கள் முகவரி அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அட்டைக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஊரில் விட்டுவந்தவர்கள்

தள்ளிப்போடவே கூடாத காரியம் என்று மேலே சொன்னது இதைத்தான். மனைவியோ, கணவரோ, 22 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளையோ உங்களோடு வர முடியாமல் முகாமிலேயே தங்கிவிட்டால், நீங்கள் பி.ஆர். ஆன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவர்களுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு வருட வழியில் அவர்களும் அகதிகள் வகையிலேயே வருவார்கள். வருடம் தாண்டினால் சாதாரணக் குடும்ப ஸ்பான்சர் முறைதான். அங்கே கட்டணமும் உண்டு, பொறுப்பும் உங்கள் தலையில். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை இந்த வழியில் வர மாட்டார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர்களின் பெயரை நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நம் முகாம்களில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருப்போம். நடுவில் கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு செய்திருக்க மாட்டார்கள். கோபியிலோ சத்தியிலோ உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியிருப்பார்கள், “இந்தியப் பிரஜைதானே, அகதி இல்லையே, அவ பேரை எதுக்கு எழுதணும்?” என்று விட்டிருப்பார்கள். குழந்தை பிறந்ததைச் சொன்னால் கேஸ் தாமதமாகும் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். குடும்ப உறுப்பினர் இந்தியராக இருந்தாலும் பெயர் எழுதத்தான் வேண்டும். மறைத்த உறவைப் பிற்பாடு அந்தச் சாதாரணக் குடும்ப ஸ்பான்சர் முறையில் கூப்பிடுவதற்கும் விதிமுறை தடை போடுகிறது. 2019-ல் அதற்கு ஒரு விலக்குத் திட்டம் வந்தது உண்மை, ஆனால் விலக்கை நம்பிக் குடும்பத்தைப் பிரித்து வைக்க முடியுமா? ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே ஒரு வழக்கறிஞரையோ சட்ட உதவி மையத்தையோ பாருங்கள். அதைச் சரிக்கட்ட இன்னொரு பொய்யை எழுதினால் பி.ஆர். தகுதிக்கே ஆபத்து.

இலங்கைப் பாஸ்போர்ட்

முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இலங்கையைப் பார்த்ததே இல்லை. கையில் பி.ஆர். வந்ததும் பாட்டியின் ஊரைப் பார்க்க வேண்டும், மன்னாரிலோ வவுனியாவிலோ இருக்கும் சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. தூதரகத்துக்குப் போய் இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள், டிக்கெட் போடுகிறார்கள். எந்த நாட்டுக்குப் பயந்து அகதியாக ஏற்கப்பட்டீர்களோ அதே நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப நாடிவிட்டீர்கள் என்று இதை அரசு எடுத்துக்கொள்ள முடியும். 2012 டிசம்பர் முதல், அகதிப் பாதுகாப்பு அப்படி முடிந்துவிட்டதாகத் தீர்ப்பானால் பி.ஆர். தகுதியும் கூடவே போய்விடும். குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழி இல்லை, ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று மறுஆய்வு கேட்பது மட்டும்தான். இலங்கையில் போர் முடிந்து நிலைமை மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பி.ஆர். தகுதியைப் பறிக்க முடியாது. நீங்களாகச் செய்யும் காரியம்தான் ஆபத்து.

பவானிசாகரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் கனடா அரசு தரும் அகதிப் பயண ஆவணத்தை எடுத்து, அதில் இந்திய விசா வாங்குங்கள். ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கனடாப் பாஸ்போர்ட் வந்த பிறகு இந்தப் பயம் இல்லை. இலங்கைப் பயணத்தை அதுவரை தள்ளிவையுங்கள்.

“எங்களையும் கூப்பிடு”

வந்து ஒரு மாதம்கூட ஆகாது, முகாமிலிருந்து வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடும். ஐந்து குடிமக்களோ பி.ஆர்.களோ சேர்ந்து ஐவர் குழுவாக ஸ்பான்சர் செய்யலாம் என்பது விதி. ஆனால் ஐவர் குழு கூப்பிடும் ஆளிடம் ஐ.நா. அகதிகள் ஆணையமோ ஒரு நாட்டு அரசோ அகதி என்று ஏற்றுக்கொண்ட சான்று இருக்க வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் பதிவு செய்வது மாநில அரசு, ஐ.நா. ஆணையம் அல்ல. நம் ஆட்கள் தடுக்கி விழுவது இதில்தான். போதாக்குறைக்கு 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமும் சமூக ஸ்பான்சர்கள் எனும் உள்ளூர் அமைப்புகளிடமும் புதிய விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். திறந்தாயிற்றா என்பதைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள், யூடியூபில் வேண்டாம். அரசோடு ஒப்பந்தம் போட்ட ஸ்பான்சர் அமைப்புகளுக்கு அந்தச் சான்று கட்டாயம் இல்லை, ஆனால் வருடத்துக்கு இத்தனை பேர் என்று அவர்களுக்கு உச்சவரம்பு உண்டு.

அங்கிருப்பவர்களிடம் இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுங்கள். விசா அதிகாரி போரைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். இலங்கைக்குத் திரும்பிப் போக முடியாதா, இந்தியாவிலேயே நிலையாக வாழ வழியில்லையா என்றும் கேட்பார், ஏனென்றால் வேறு நிரந்தரத் தீர்வு இல்லாதவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். புது வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை கல்லூரியில் படிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குடியுரிமை இல்லை, அதனால் எந்தெந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதை நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். பேச்சைப் பற்றியும் கவலை வேண்டாம். முகாமில் வளர்ந்த பிள்ளை கொங்குத் தமிழில்தான் பேசும். அது எப்படி வந்தது என்று கேட்டால், எந்த முகாமில் எத்தனை வருடம் என்பதே பதில்.

அகதி வகை விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஈரோட்டிலோ திருப்பூரிலோ யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அந்தப் பணம் கனடா அரசுக்குப் போகவில்லை. இங்கே காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்களுக்கும், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற சிலருக்கும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் 2021-ல் தொடங்கிய அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். முகாமிலிருந்து போன் வரும்போது, பணம் கேட்கும் ஆளின் முழுப் பெயரை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.